இறந்தவரின் சொல்: ஆயுள் காப்பீட்டு இறப்புக் கோரிக்கை வழக்குகள் நடந்துவந்த பாதை

1946 நவம்பர் 12 அன்று ஒருவர் இறந்தார். அவர் பெயரில் 25,000 ரூபாய்க்கு ஓர் ஆயுள் காப்பீட்டுப் பாலிசி இருந்தது. கொடுத்தது ஓரியண்டல் கவர்ன்மென்ட் செக்யூரிட்டி லைஃப் அஷ்யூரன்ஸ் நிறுவனம். 1874-இல் பம்பாயில் தொடங்கப்பட்ட இந்நிறுவனம், பெயரில் 'கவர்ன்மென்ட்' என்று இருந்தாலும், தனியார் நிறுவனமே. அக்காலத்தில் 25,000 ரூபாய் பெருந்தொகை. தொகையைக் கேட்டபோது நிறுவனம் மறுத்தது. 1947 அக்டோபர் 10 தேதியிட்ட மறுப்புக் கடிதம் சொன்ன காரணம் சுருக்கமானது: கடந்த ஐந்தாண்டுகளில் எந்த மருத்துவரிடமாவது சிகிச்சை பெற்றதுண்டா என்ற கேள்விக்கு இறந்தவர் உண்மையை மறைத்துப் பதிலளித்திருந்தார். 1943 செப்டம்பரிலும் அக்டோபரிலும் இரத்தசோகை, கால்வீக்கம், வயிற்றுப்போக்கு, மூச்சிரைப்பு ஆகியவற்றுக்காக அவர் ஜபல்பூர் மருத்துவர் ஒருவரிடம் சிகிச்சை பெற்றிருந்தார்.

வழக்கு கீழ்நீதிமன்றத்திலிருந்து உயர் நீதிமன்றம் சென்று, உச்ச நீதிமன்றத்தை அடைந்து, 1962 ஜனவரி 15 அன்று முடிந்தது. இடையில் நாடு விடுதலை பெற்றிருந்தது. அரசமைப்புச் சட்டம் வந்திருந்தது. 1956-இல் ஆயுள் காப்பீட்டுத் தொழிலே அரசுடைமையாகி, 245 நிறுவனங்களும் சங்கங்களும் எல்ஐசி என்ற ஒரே நிறுவனத்துக்குள் அடங்கியிருந்தன. எனவே ஓரியண்டல் நிறுவனம் எழுதிய மறுப்புக் கடிதத்தை உச்ச நீதிமன்றத்தில் நியாயப்படுத்த வேண்டிய பொறுப்பு எல்ஐசியின் தலையில் விழுந்தது. 'மித்துலால் நாயக் எதிர் எல்ஐசி' என்று சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கும் தீர்ப்பு இதுதான். இந்தியாவில் இறப்புக் கோரிக்கை குறித்து எழும் ஏறத்தாழ எல்லா வழக்குகளும் இன்றுவரை இத்தீர்ப்பைத் தொட்டே செல்கின்றன.

இவ்வழக்குகளுக்கென்று ஒரு தனித்தன்மை உண்டு. மற்ற ஒப்பந்த வழக்குகளில், கையெழுத்திட்டவர் கூண்டில் ஏறித் தாம் சொன்னதன் பொருளை விளக்கலாம். இறப்புக் கோரிக்கை வழக்கில் வாசகத்துக்குரியவர் இல்லை. எஞ்சியிருப்பது ஒரு முன்மொழிவுப் படிவம். அதில் 'ஆம்', 'இல்லை' என்று சில சொற்கள். அடியில் ஒரு கையெழுத்து, அல்லது கைரேகை. அச்சொற்களை எவ்வளவு காலம் வரை, எவ்வளவு கடுமையாகக் கேள்விக்கு உட்படுத்தலாம் என்பதே இத்துறைச் சட்டத்தின் வரலாறு.

தொடக்கத்தில் எல்லையே இருக்கவில்லை. காப்பீட்டுச் சட்டத்தின் மூலக்கல்லாகச் சொல்லப்படும் 'உச்ச நல்லெண்ணம்' என்ற கோட்பாடு 1766-இல் லண்டனில் மான்ஸ்ஃபீல்டு பிரபு அளித்த 'கார்ட்டர் எதிர் போம்' தீர்ப்பிலிருந்து கிளைத்தது. காப்பீடு செய்யப்பட்டது ஓர் உயிர் அன்று. சுமத்ராவின் பெங்கூலன் நகரில் கிழக்கிந்தியக் கம்பெனி வைத்திருந்த மார்ல்பரோ கோட்டை. கோட்டை பிரெஞ்சுக்காரர் கையில் வீழ்ந்ததும், அதன் பலவீனத்தை ஆளுநர் மறைத்துவிட்டார் என்று காப்பீடு அளித்தவர் பணம் தர மறுத்தார். மான்ஸ்ஃபீல்டு தீர்ப்பளித்தது காப்பீடு செய்தவர் பக்கம். காப்பீடு அளித்தவர்கள் இரு நூற்றாண்டுகளாகத் தம் கேடயமாக ஏந்திய கோட்பாடு, பிறந்த அன்று அவர்களுக்கு எதிராகத்தான் பயன்பட்டது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிலைமை மாறியது. 'இப்படிவத்தில் அளித்துள்ள பதில்களே இவ்வொப்பந்தத்தின் அடிப்படை' என்ற ஒரு வரியை நிறுவனங்கள் படிவத்தின் இறுதியில் சேர்த்தன. அந்த வரியின் விளைவு பெரிது. அதன்பின் ஒரு பதில் முக்கியமானதா, அற்பமானதா என்ற கேள்விக்கே இடமில்லை. பதில் தவறு என்றால் ஒப்பந்தம் வீழ்ந்தது. 1853-இல் பிரபுக்கள் சபை 'ஆண்டர்சன் எதிர் ஃபிட்ஸ்ஜெரால்டு' வழக்கில் இதை உறுதிசெய்தது. 1908-இல் 'ஜோயல்' வழக்கில் ஃப்ளெச்சர் மோல்டன் என்ற மேல்முறையீட்டு நீதிபதி இவ்வழக்கத்தைச் சினத்தோடு கண்டித்தார். தமக்குத் தெரியாத ஒன்றை ஒருவர் மறைத்தார் என்று சொல்ல முடியாது என்பது அவர் வாதத்தின் சாரம். ஆனால் கண்டிக்க முடிந்ததேயன்றி, அடிப்படை வாசகத்தை அவரால் ஒழிக்க முடியவில்லை. தனிநபர் காப்பீட்டில் அதை ஒழிக்க பிரிட்டன் 2012 வரை காத்திருந்தது.

நீதிமன்றங்கள் செய்யாததைச் சந்தை ஓரளவு செய்தது. 1848-இல் லண்டனில், தன் பாலிசிகளை எவ்விதத்திலும் மறுப்பதில்லை என்ற வாக்குறுதியையே பெயரில் ஏந்திய நிறுவனம் ஒன்று தோன்றியது. வாடிக்கையாளர்கள் நம்பிக்கை இழந்துவந்ததே இதற்குக் காரணம். அறவுணர்வு என்று கொள்ள வேண்டியதில்லை. அமெரிக்க நிறுவனங்களும், 'இத்தனை ஆண்டுகள் கடந்தபின் கேள்வி எழுப்பமாட்டோம்' என்ற வாசகத்தைத் தாமாகவே சேர்க்கலாயின. 1905-இன் ஆர்ம்ஸ்ட்ராங் விசாரணைக்குப் பிறகு நியூயார்க் மாநிலம் அதைச் சட்டமாக்கியது.

இந்தியாவில் சட்ட உறுப்பினராயிருந்த சர் நிருபேந்திரநாத் சர்க்கார் 1937-இல் கொண்டுவந்த மசோதாவே 1938-ஆம் ஆண்டின் காப்பீட்டுச் சட்டமாயிற்று. 1939 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த அச்சட்டத்தின் 45-ஆம் பிரிவு ஒரே நெடிய வாக்கியம். அதன் கட்டமைப்பைப் பிரித்துப் பார்த்தால் இரண்டு காலங்கள் தெரியும். பாலிசி தொடங்கி இரண்டாண்டுகளுக்குள், படிவத்தில் தவறான பதில் இருந்தது என்று காட்டினாலே நிறுவனத்துக்குப் போதும். இரண்டாண்டுகள் கடந்தால் தவறு என்று காட்டுவது மட்டும் போதாது. அப்பதில் முக்கியமான விவரம் பற்றியதாக இருக்க வேண்டும். மோசடி நோக்கத்தோடு சொல்லப்பட்டிருக்க வேண்டும். சொன்னபோதே அது பொய் என்று சொன்னவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இம்மூன்றும் ஒருசேர வேண்டும் என்பதை அவ்வாக்கியத்தில் தாங்கி நிற்பது 'மேலும்' என்ற பொருள் தரும் சிறு இணைப்புச் சொல் ஒன்றுதான். ஓர் இடைச்சொல் இத்தனை குடும்பங்களின் தலைவிதியைச் சுமந்த நிகழ்வு இந்தியச் சட்டத்தில் அரிது.

ஜபல்பூர் வழக்குக்குத் திரும்பலாம். பாலிசி 1945 மார்ச் 13 அன்று வழங்கப்பட்டு, அவ்வாண்டு ஜனவரி 15 முதல் நடப்புக்கு வந்திருந்தது. பிரிமியம் கட்டாததால் ஒருமுறை காலாவதியாகி, 1946 ஜூலையில் புதுப்பிக்கப்பட்டது. புதுப்பித்தது புதிய ஒப்பந்தம் என்று கொண்டால், இரண்டாண்டுகள் முடியவில்லை. பழைய தேதியே செல்லும் என்றால், முடிந்துவிட்டன. பழைய தேதியையே கணக்கில் கொள்ள வேண்டும் என்றது நீதிமன்றம். ஆகவே நிறுவனம் மூன்று நிபந்தனைகளையும் மெய்ப்பிக்க வேண்டும் என்றது. பின்னர், நிறுவனம் மெய்ப்பித்துவிட்டது என்றும் தீர்த்தது. சில வாரங்கள் தொடர்ந்து சிகிச்சை பெற்றவர், அடுத்த ஆண்டே படிவத்தில் கையெழுத்திடும்போது அதை மறந்திருக்க முடியாது என்பது அதன் பார்வை. கோரிக்கை தள்ளுபடியானது. கட்டிய பிரிமியத்தையாவது திருப்பித் தருமாறு கேட்டதும் பலிக்கவில்லை. மோசடி நிரூபணமானால் கட்டிய பணம் நிறுவனத்துக்கே என்று பாலிசியின் நிபந்தனை ஒன்று சொன்னது.

இதில் கவனிக்க வேண்டிய முரண் ஒன்றுண்டு. வழக்குத் தொடுத்தவர் இறந்தவரின் மனைவியோ மகனோ அல்லர்; பாலிசி எழுதிக் கொடுக்கப்பட்டிருந்த வேறொருவர். விதவையின் கண்ணீர் அவ்வழக்கின் ஆவணங்களில் இல்லை. ஆயினும் அதில் வகுக்கப்பட்ட மூன்று நிபந்தனைகள்தாம் அடுத்த அரை நூற்றாண்டில் நீதிமன்றப் படியேறிய விதவைகள் அனைவருக்கும் வாளாகவும் கேடயமாகவும் இருந்தன.

இந்தப் பிரிவைச் சுற்றி எழுந்த பூசல்களில் ஆழமானது மொழி பற்றியது. முன்மொழிவுப் படிவம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். கேள்வியைப் படிப்பவர் முகவர். பதிலை எழுதுபவரும் முகவர். காப்பீடு செய்பவர் 'உடம்புக்கு ஒன்றுமில்லை' என்று சொல்லியிருப்பார். தமிழில் அச்சொற்கள், 'இப்போது படுத்த படுக்கையாக இல்லை' என்பதற்கு மேல் அதிகம் உணர்த்துவதில்லை. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுபவரும் அப்படித்தான் சொல்வார். ஆனால் அச்சொற்கள் படிவத்தில் ஏறும்போது நீரிழிவு, இரத்த அழுத்தம், இதயநோய், காசநோய் என்று நீளும் வரிசையின் ஒவ்வொரு கட்டத்திலும் 'இல்லை' என்று பெயர்க்கப்படுகின்றன. பேச்சு ஒரு செயல். அதன் எழுத்துப் பதிவு வேறொரு செயல். இரண்டையும் ஒன்றெனக் கருதும் அனுமானத்தின் மேல்தான் படிவம் நிற்கிறது.

நீதிமன்றங்கள் இவ்வாதத்தை அறியாமல் இல்லை. ஆனால் பெரிதும் ஏற்கவும் இல்லை. 1958-இல் மைசூர் உயர் நீதிமன்றம், பொய்யான விவரம் அடங்கிய படிவத்தில் கையெழுத்திட்டவர், படிக்காமல் இட்டேன் என்றோ முகவர் எழுதினார் என்றோ சொல்லித் தப்ப முடியாது என்று தீர்த்தது. அறுபத்தோர் ஆண்டுகளுக்குப் பின், 2019 ஏப்ரலில், குஜராத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் அதே மைசூர்த் தீர்ப்பை எடுத்தாண்டு உறுதிசெய்தது. அவ்வழக்கில் மறைக்கப்பட்டதாகச் சொல்லப்பட்டது நோயன்று. இரண்டு மாதங்களுக்கு முன் வேறொரு நிறுவனத்தில் எடுத்திருந்த இன்னொரு பாலிசி. நிறுவனம் இரண்டாண்டு முடியச் சில வாரங்களே இருந்த நிலையில் மறுத்திருந்தது. மோசடியை மெய்ப்பிக்கும் சுமை அதன் தோளில் ஏறவில்லை. நாட்காட்டி அவ்வழக்கில் ஒரு தரப்பாகவே நின்றது எனலாம்.

ஒழுங்குமுறை ஆணையம் 2002-இல் வெளியிட்ட பாலிசிதாரர் நலப் பாதுகாப்பு விதிகள் இரண்டு சிறு கதவுகளைத் திறந்தன. படிவங்கள், சூழ்நிலைக்கேற்ப, அரசமைப்பு ஏற்ற மொழிகளில் கிடைக்கச் செய்யப்படலாம் என்பது ஒன்று. படிவத்தை வேறொருவர் நிரப்பினால், உள்ளடக்கம் முழுவதும் விளக்கப்பட்டது என்ற சான்றை இறுதியில் சேர்க்கலாம் என்பது மற்றொன்று. நடைமுறையில் இந்தச் சான்று யாருக்குப் பயன்பட்டது? 'விளக்கப்பட்டது, புரிந்துகொண்டேன்' என்ற அச்சிட்ட வரியும் கையெழுத்துக்கு மேலேயே இருக்கிறது. புரியாத படிவத்தில் கையெழுத்திட்டவர், 'புரிந்தது' என்பதற்கும் சேர்த்தே கையெழுத்திடுகிறார்.

படிவத்தின் மறுமுனையில் மருத்துவமனைக் குறிப்பேடு இருக்கிறது. நிறுவனங்கள் பெரிதும் நம்பும் சான்று அதுவே. நோயாளி இறுதி நாட்களில் சேர்க்கப்படும்போது, பணிநேர மருத்துவர், 'பத்தாண்டுகளாக நீரிழிவு' என்று ஒரு வரி எழுதுகிறார். யார் சொன்னது? நோயாளி பேசும் நிலையில் இருந்தாரா? உடன்வந்த மைத்துனர் சொன்னாரா? 'ரொம்ப நாளாச் சர்க்கரை' என்று அவர் சொன்னது 'பத்தாண்டு' என்று எண்ணாக மாறியதா? அந்த வாக்கியத்துக்கு எழுவாய் இல்லை. நுகர்வோர் ஆணையங்கள் பல தீர்ப்புகளில், எழுதிய மருத்துவரின் உறுதிமொழிப் பத்திரம் இல்லாமல் அத்தகைய குறிப்பை மட்டும் வைத்து மறைப்பை மெய்ப்பிக்க முடியாது என்று சொல்லியுள்ளன. சான்றுச் சட்டத்தின் மொழியில் அது செவிவழிச் செய்தி. ஆயினும் எல்லா அமர்வுகளும் ஒரே சீராக இதைப் பின்பற்றியதாகச் சொல்வதற்கில்லை.

இதையடுத்து எழும் கேள்வி, மறைத்த நோய்க்கும் வந்த சாவுக்கும் தொடர்பு வேண்டுமா என்பது. கேரளத்திலிருந்து சென்று 2007-இல் முடிந்த வழக்கில், தைராய்டு அறுவைச் சிகிச்சையைச் சொல்லாமல் விட்டவர் பாலிசி எடுத்த சில மாதங்களிலேயே இறந்தார். மறுப்பு சரியே என்றது உச்ச நீதிமன்றம். 2015 அக்டோபரில் அதே நீதிமன்றம், இதயநோயால் இறந்தவர் முதுகெலும்புத் தேய்வைச் சொல்லாமல் விட்டது அவர் உயிருக்கான இடரோடு தொடர்பற்றது என்று கூறித் தொகையை வழங்கச் சொன்னது. 2020 அக்டோபரில் திசை மறுபடியும் திரும்பியது. 2014-இல் பாலிசி எடுத்த ஒரு மாதத்தில் ஒருவர் இறந்திருந்தார்; கல்லீரல் நோயை மறைத்தது மெய்ப்பிக்கப்பட்டது; நிறுவனத்தின் வாதம் ஏற்கப்பட்டது. ஆனால் வழக்கு நடக்கையிலேயே தாயாருக்குத் தொகை கொடுக்கப்பட்டிருந்தது. எழுபது வயதான, மகனையே நம்பியிருந்த அந்தத் தாயிடமிருந்து அதைத் திரும்பப் பெற வேண்டாம் என்று அரசமைப்பின் 142-ஆம் பிரிவைக் கொண்டு நீதிமன்றம் கட்டளையிட்டது. சட்டம் நிறுவனத்துக்கு, பணம் தாய்க்கு. இதைத் தர்க்க முரண் என்று கொள்வோர் கொள்ளலாம். சட்டத்தின் இறுக்கத்தை நீதிமன்றமே உணர்ந்திருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான ஒப்புதல் தேவையில்லை.

வயதைப் பற்றியும் ஒரு சொல். 45-ஆம் பிரிவின் காலவரம்பிலிருந்து 1938-ஆம் ஆண்டுச் சட்டம் வயதை மட்டும் விலக்கி வைத்தது. வயதுச் சான்றை எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம். பிறப்புப் பதிவு அரிதாயிருந்த நாட்டில் இதன் பொருள் வேறு. ஜாதகமும், ஊர்ப் பெரியவர் தரும் சான்றும் வயதுச் சான்றாக ஏற்கப்பட்டுவந்த வரலாறு ஆயுள் காப்பீட்டுக்கு உண்டு. பிறந்த நேரத்தை நாழிகை விநாடி வரை குறித்த ஓலையை, பிரிமிய அட்டவணை போடும் கணக்காளர் இரண்டாந்தரச் சான்று என்று வகைப்படுத்தி வைத்தார்.

சட்ட ஆணையம் 1985-இல் தன் 112-ஆவது அறிக்கை முழுவதையும் இந்த ஒற்றைப் பிரிவுக்கே ஒதுக்கியது. மாற்றம் வர மேலும் முப்பதாண்டுகள் ஆயின. 2014 டிசம்பரில் அவசரச் சட்டமாகவும், 2015-இல் நாடாளுமன்றச் சட்டமாகவும் புதிய 45-ஆம் பிரிவு வந்தது. மூன்றாண்டுகள் கடந்துவிட்டால், எந்தக் காரணத்தைக் கொண்டும் பாலிசியைக் கேள்விக்கு உட்படுத்த முடியாது. மோசடி என்றாலும் முடியாது. உலக அளவில் பார்த்தாலும் இது துணிச்சலான வரி. மோசடியல்லாத தவறான பதிலுக்காக மறுத்தால், கட்டிய பிரிமியத்தைத் தொண்ணூறு நாட்களுக்குள் திருப்பித் தர வேண்டும். ஜபல்பூர் வழக்கில் பிரிமியம் மறுக்கப்பட்டது மோசடி நிரூபணமானதால். அந்த நிலை மட்டும் புதிய சட்டத்திலும் மாறவில்லை. பாலிசியை விற்கப் பேசுபவர், ஒப்பந்தம் உருவாவதைப் பொறுத்தவரை, நிறுவனத்தின் முகவராகவே கருதப்படுவார் என்ற விளக்கமும் சேர்ந்தது. மைசூர்த் தீர்ப்பின் அடித்தளத்தை இவ்விளக்கம் எவ்வளவு அசைக்கும் என்பது இன்னும் முழுமையாகச் சோதிக்கப்படவில்லை.

புகழப்பட்ட இத்திருத்தத்தில் அதிகம் பேசப்படாத இரண்டு வரிகள் உள்ளன. ஒன்று, மூன்றாண்டுகளை எங்கிருந்து எண்ணுவது என்பது. பாலிசி வழங்கிய நாள், இடர்ப்பொறுப்பு தொடங்கிய நாள், புதுப்பித்த நாள், கூடுதல் பயன் சேர்த்த நாள் ஆகியவற்றில் எது பிந்தியதோ அதிலிருந்து. 1962-இல் உச்ச நீதிமன்றம் மூடிய கதவு இங்கே திறக்கப்பட்டது. இருபதாண்டுகள் ஒழுங்காகக் கட்டியவர் ஒரு நெருக்கடியில் காலாவதியாக விட்டுப் புதுப்பித்தால், அவருடைய சொல் மீண்டும் மூன்றாண்டுகள் சோதனைக்குள் வருகிறது. பாலிசியைக் காலாவதியாக விடுபவர்கள் யார்? வேலை இழந்தவர்கள், மழை பொய்த்த ஆண்டின் விவசாயிகள்.

இரண்டாவது, மோசடி பற்றிய உட்பிரிவின் நிபந்தனை. பாலிசிதாரர் உயிரோடு இல்லையெனில், மோசடி இல்லை என்று மெய்ப்பிக்கும் சுமை பயனாளிகளைச் சாரும். 1938-இன் வாக்கியத்தில் 'நிறுவனம் காட்டினாலன்றி' என்றிருந்தது. 2015-இன் வாக்கியத்தில் எழுவாய் மாறிவிட்டது. கணவர் முகவரிடம் என்ன சொன்னார், எதை அறிந்திருந்தார், எந்த எண்ணத்தில் சொன்னார் என்பதை, அந்த உரையாடலின்போது அடுக்களையில் இருந்திருக்கக்கூடிய மனைவி மெய்ப்பிக்க வேண்டும். மூன்றாண்டு எல்லையின் பெருந்தன்மைக்கு அதற்கு முந்தைய மூன்றாண்டுகளில் விதிக்கப்பட்ட விலை இது.

வழக்காடும் இடமும் மாறியிருக்கிறது. உரிமையியல் நீதிமன்றக் கட்டணமும் கால நீட்சியும் தாங்காதவர்களுக்கு 1986-இன் நுகர்வோர் சட்டம் ஒரு வழியைத் திறந்தது. 1998-இல் உருவான காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் அமைப்பு மற்றொன்று. புணேயின் வானவடியில் வசிக்கும் ஒருவரின் கோரிக்கை மறுக்கப்பட்டால், நகருக்குள்ளேயே நாராயண் பேட்டையில் உள்ள குறைதீர்ப்பாளர் அலுவலகத்தில் வழக்கறிஞர் இன்றியே முறையிடலாம். தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும்; முறையிட்டவரைக் கட்டுப்படுத்தாது. தொடக்கத்தில் 20 லட்சம் ரூபாயாக இருந்த வரம்பு 2017-இல் 30 லட்சமாகவும் 2023-இல் 50 லட்சமாகவும் உயர்ந்தது. சாட்சிகளை நிறுத்திக் குறுக்கு விசாரணை செய்யும் மன்றம் அன்று அது. ஆவணத்தைப் பார்த்து முடிவெடுப்பதால் விரைவு. அதே காரணத்தால், படிவத்தில் எழுதியிருப்பதற்கு அங்கே கனம் கூடுதல்.

சில வேளைகளில் சாவே ஐயத்துக்குரியதாகிறது. காணாமற் போனவர் ஏழாண்டுகள் திரும்பாவிட்டால் இறந்ததாகக் கொள்ளலாம் என்பது பழைய சான்றுச் சட்டத்தின் 108-ஆம் பிரிவு. இன்றைய சட்டத்தில் 111. ஆனால் எந்த நாளில் இறந்தார்? 2004 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், இறப்பை மட்டுமே அனுமானிக்கலாம், இறந்த நாளை அனுமானிக்க முடியாது என்றது. எனவே காணாமற் போன நாளிலிருந்து பிரிமியம் கட்டப்படாமல் பாலிசி காலாவதியானால், ஏழாண்டுக்குப் பின் கேட்டுப் பயனில்லை. இடைப்பட்ட நாளில் இறந்தார் என்பதைக் குடும்பமே மெய்ப்பிக்க வேண்டும். அதே ஆண்டு இறுதியில் சுனாமியும், 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயலும் தமிழ்க் கடற்கரையில் உடல் கிடைக்காத சாவுகளை விட்டுச்சென்றன. வருவார் என்று வாசலைப் பார்த்திருக்கும் பெண், அவர் இறந்துவிட்டால் பயன்படட்டும் என்று ஏழாண்டுகள் தவணை கட்ட வேண்டும் என்பதே அவ்விதியின் நடைமுறைப் பொருள்.

நிறுவனத்தோடு வழக்கு முடிந்தபின் குடும்பத்துக்குள் தொடங்கும் வழக்கு ஒன்றுண்டு. இங்கும் ஆராயப்படுவது இறந்தவர் எழுதிவைத்த ஒரு சொல்தான்: நாமினியின் பெயர். இதில் சென்னைக்கு ஒரு முன்னோடி இடம் உண்டு. 1874-இன் மணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின் 6-ஆம் பிரிவின்படி, மனைவி மக்களின் நலனுக்கென்று ஒருவர் எடுக்கும் பாலிசி அவர்களுக்கான பொறுப்புடைமை ஆகும். கடன்காரர் அதைத் தொட முடியாது. இந்துக்களுக்கு இது பொருந்துமா? பொருந்தாது என்றது பம்பாய். ஏறத்தாழ அதே காலத்தில், 'பாலாம்பா எதிர் கிருஷ்ணய்யா' வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு பொருந்தும் என்றது. 1923-இல் சட்டம் திருத்தப்பட்டபோது இம்முரண்பாடு தேதிகளாகவே பதிந்தது: பிற பகுதிகளில் 1923 ஏப்ரல் 1-க்குப் பின் எடுத்த பாலிசிகளுக்கு, சென்னையில் மட்டும் 1913 டிசம்பர் 31-க்குப் பின் எடுத்தவற்றுக்கு. கூட்டுக் குடும்பச் சொத்தில் கைம்பெண்ணுக்குச் சீவனாம்சம் மட்டுமே என்றிருந்த, 1937-க்கு முந்தைய நிலையை நினைத்தால், சென்னை மாகாணத்துப் பெண்களுக்குக் கிடைத்த அந்தப் பத்தாண்டு முந்துரிமையின் மதிப்பு விளங்கும்.

ஆனால் அச்சட்டத்தின்கீழ் எடுத்ததாகப் பாலிசியிலேயே குறிக்க வேண்டும். பெரும்பாலோர் வெறும் நாமினி பெயரை மட்டுமே எழுதினர். எழுதியதும் கடமை முடிந்தது என்று நம்பினர். சேலம் நிறுவனம் ஒன்று தொடர்பான வழக்கில் 1950-களிலேயே சென்னை உயர் நீதிமன்றம் நாமினிக்குத் தொகையின் மேல் உடைமை இல்லை என்றது. 1983 டிசம்பரில் 'சர்பதி தேவி' தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் அதை நாடு முழுமைக்கும் உறுதிசெய்தது: நாமினி பணத்தை வாங்கும் கை மட்டுமே, பணம் வாரிசுரிமைச் சட்டப்படி பிரியும். அவ்வழக்கில் நாமினி மனைவி. எதிரே நின்றவர்கள் இறந்தவரின் தாயும் மகனும். மனைவிக்கு எஞ்சியது மூன்றில் ஒரு பங்கு.

2015-இன் திருத்தம் இதையும் தொட்டது. பெற்றோர், வாழ்க்கைத்துணை, பிள்ளைகள் ஆகியோரை நாமினியாக நியமித்தால், அவர்கள் தொகைக்குப் பயனுரிமை உடையவர்கள் என்கிறது 39-ஆம் பிரிவின் புதிய உட்பிரிவு. தகராறு ஓய்ந்தது என்று பலர் எழுதினர். ஓயவில்லை. நாடாளுமன்றத்தின் எண்ணம் வாரிசுரிமைச் சட்டத்தை மீறுவதன்று என்று 2025-இல் கர்நாடக உயர் நீதிமன்றம் பொருள் கொண்டது. 'பயனுரிமை' என்ற ஒரு சொல், பணத்தை வைத்துக்கொள்ளும் உரிமையா, பிற வாரிசுகள் கேட்கும்வரை வைத்திருக்கும் உரிமையா என்பதில் உச்ச நீதிமன்றத்தின் முடிவான விளக்கத்துக்கு இனித்தான் காத்திருக்க வேண்டும்.